குளோரின் ஆக்சைடுகளின் அயனியாக்கும் ஆற்றல்: காரைக்குடிப் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கும் பிள்ளைகளும், அவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் சிலரும் கேட்ட கேள்விகள் இவை. ஒரே பதிலைப் பலமுறை சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. பெற்றோர் கேட்ட கேள்வியும் ஒன்றிரண்டு உண்டு.

எந்தெந்த மூலக்கூறுகளைப் பற்றிப் பேசுகிறோம்?

முக்கியமாக மூன்று. ஒரு குளோரினும் ஒரு ஆக்சிஜனும் மட்டுமே உள்ள குளோரின் மோனாக்சைடு. குளோரின் நடுவில் இருந்து, இரண்டு பக்கமும் ஆக்சிஜன் உள்ள குளோரின் டைஆக்சைடு. அதற்கு நேர்மாறாக, ஆக்சிஜன் நடுவிலும் குளோரின் இரண்டு பக்கமும் உள்ள டைகுளோரின் மோனாக்சைடு. பழைய புத்தகங்கள் சில மூன்றாவதையே குளோரின் மோனாக்சைடு என்று எழுதிவிடும். அதனால் ஒரு எண்ணை எடுப்பதற்கு முன் எத்தனை குளோரின் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் அயனியாக்கும் ஆற்றல் மதிப்புகள் வேறு மிக நெருக்கமாக இருக்கின்றன. குழம்பினாலும் தெரியாது.

மதிப்புகள் எவ்வளவு?

குளோரின் மோனாக்சைடுக்கு 10.89 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி. டைகுளோரின் மோனாக்சைடுக்கு 10.91 அளவில். குளோரின் டைஆக்சைடுக்கு 10.33 அளவில். ஒப்பிட வேண்டுமென்றால், தனிக் குளோரின் அணுவுக்கு 12.97, குளோரின் வாயுவுக்கு 11.48, ஆக்சிஜன் வாயுவுக்கு 12.07.

இது பதினொன்றாம் வகுப்பில் படித்த அயனியாக்கும் ஆற்றல்தானே? இதில் என்ன சிக்கல்?

அணுவைப் பொறுத்தவரை அதுவேதான். வாயு நிலையில் இருக்கும் ஒரு அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல். மூலக்கூறு என்று வந்துவிட்டால் அதற்கு நீளம் இருக்கிறது, அதிர்வு இருக்கிறது. எலக்ட்ரான் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் வெகு முன்பே போய்விடுகிறது. கனமான அணுக்கருக்கள் அதற்குள் நகர முடியாது. அதனால் பிறந்த கணத்தில் அயனி பழைய மூலக்கூறின் பிணைப்பு நீளத்திலேயே மாட்டிக்கொண்டு இருக்கும்.

அயனிக்கு அந்த நீளம் வசதியாக இல்லாவிட்டால் அது அதிர ஆரம்பிக்கும். அதிர்வுக்கான ஆற்றலையும் சேர்த்து நாம்தான் கொடுத்திருக்க வேண்டும். அதிர்வே இல்லாத மூலக்கூறிலிருந்து அதிர்வே இல்லாத அயனிக்குப் போக ஆகும் ஆற்றலை அடியபாட்டிக் மதிப்பு என்கிறோம். எந்த ஆற்றலில் எலக்ட்ரான்கள் எவ்வளவு கழன்றன என்று காட்டும் நிறமாலையில் உயரமான உச்சி இருக்கும் இடம் செங்குத்து மதிப்பு. குளோரின் மோனாக்சைடில் இரண்டாவது 11.0 அளவில் வருகிறது. 0.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம். எந்த மதிப்பு என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரைகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

சரி, எப்படி அளக்கிறார்கள்?

வழிகள் பல. தெளிவாகப் புரியும் வழி ஒளி அயனியாக்க நிறைநிறமாலை. அலைநீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றக்கூடிய ஒளியை மூலக்கூறுகளின் மேல் விடுவது, பிறக்கும் அயனிகளில் நமக்கு வேண்டிய நிறை உள்ளதை மட்டும் பொறுக்கி எண்ணுவது. ஒளியின் ஆற்றல் போதாதவரை எண்ணியில், அதாவது அயனிகளை எண்ணும் கருவியில், பின்னணி இரைச்சல் மட்டும் இருக்கும். போதுமான ஆற்றல் வந்ததும் எண்ணிக்கை ஏறும். ஏறத் தொடங்கும் இடம்தான் நமக்கு வேண்டியது.

10.89 எலக்ட்ரான் வோல்ட் என்பது 113.9 நானோமீட்டர் அலைநீளம். 1239.84-ஐ எலக்ட்ரான் வோல்ட்டால் வகுத்தால் நானோமீட்டர் வரும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதி ஒளி காற்றில் போகாது, ஆக்சிஜனே விழுங்கிவிடும். ஆகவே எல்லாம் வெற்றிடத்துக்குள் நடக்க வேண்டும். கண்ணாடியும் குவார்ட்ஸும் உதவாது. லித்தியம் புளோரைடு சன்னல் ஏறக்குறைய 105 நானோமீட்டர் வரை விடும். இந்த வேலைக்கு அதுவே போதும்.

ஒளியின் அளவு அலைநீளத்தோடு மாறும் என்பதால், ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை போட்டான் வந்தது என்பதையும் கூடவே பதிவு செய்ய வேண்டும். அதற்குச் சோடியம் சாலிசிலேட் பூசிய தகடு ஒரு பழைய, நல்ல உபாயம். வெற்றிடப் புறஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக மாற்றித் தரும், அந்த மாற்றும் திறன் அலைநீளத்தோடு பெரிதாக மாறாது. அயனி எண்ணிக்கையைப் போட்டான் எண்ணிக்கையால் வகுத்து வரைபடம் போட்டால் கிடைப்பதுதான் ஒளி அயனியாக்கத் திறன் வளைகோடு.

விளக்கு ஒன்றை வைத்துச் செய்ய முடியாதா? சின்க்ரோட்ரான் எதற்கு?

விளக்கு ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். கிரிப்டான் விளக்கு 10.03, 10.64 ஆகிய இரண்டு ஆற்றல்களில் ஒளி தரும். அது குளோரின் டைஆக்சைடை அயனியாக்கும், மற்ற இரண்டையும் தொடாது. ஹைட்ரஜன் விளக்கின் லைமன் ஆல்பா கோடு 10.20-இல் இருக்கிறது. அதற்குக் குளோரின் டைஆக்சைடுகூட எட்டாது. ஆர்கான் விளக்கு 11.6, 11.8 ஆகியவற்றில் மூன்றையுமே அயனியாக்கிவிடும். ஆனால் எல்லை 10.89-ஆ 10.95-ஆ என்று கேட்டால் எந்த விளக்கும் பதில் சொல்லாது. அதற்குத் தொடர்ச்சியான ஒளி வேண்டும். வளையத்தில் சுற்றும் எலக்ட்ரான்கள் வளையும்போது வீசும் ஒளியைக் கீற்றணி கொண்டு பிரித்து எடுப்பது அதற்காகத்தான். அமெரிக்காவில் புரூக்ஹேவன், ஜெர்மனியில் பெர்லின் ஆகிய இடங்களின் சின்க்ரோட்ரான்களில் 1990-களில் இந்த மூலக்கூறுகள் அளக்கப்பட்டன. நம் நாட்டில் இந்தூரில் உள்ள இண்டஸ்-1 வெற்றிடப் புறஊதாவுக்கு ஏற்ற வளையம்.

கீற்றணியில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. 114 நானோமீட்டருக்கு வைத்தால் அதன் பாதியான 57 நானோமீட்டரும் இரண்டாம் படியில் கூடவே வந்து நிற்கும். அது 21 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். கண்ணில் பட்ட மூலக்கூறையெல்லாம் அயனியாக்கி, உடைத்தும் போட்டுவிடும். லித்தியம் புளோரைடு சன்னல் இதைத் தடுப்பது அதன் இன்னொரு உபகாரம்.

குளோரின் மோனாக்சைடைச் சிலிண்டரில் வாங்க முடியுமா?

முடியாது. அது அடைத்து வைக்கவே முடியாத சரக்கு. இரண்டு மூலக்கூறு சந்தித்தால் ஒன்றோடொன்று சேர்ந்தோ வினைபுரிந்தோ காணாமல் போகும். அளக்கும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் முன்னால், ஓடுகிற வாயுவிலேயே தயாரிக்க வேண்டும். ஹீலியத்தில் சிறிதளவு குளோரின் கலந்து மைக்ரோவேவ் மின்னிறக்கத்தின் வழியே விட்டால் தனிக் குளோரின் அணுக்கள் வரும். குழாயின் கீழ்ப்பகுதியில் ஓசோனையோ டைகுளோரின் மோனாக்சைடையோ சேர்த்தால் குளோரின் மோனாக்சைடு பிறக்கும். குழாயின் உள்சுவரில் டெஃப்லான் மாதிரி ஏதாவது பூசியிருக்க வேண்டும், இல்லையென்றால் அணுக்கள் சுவரிலேயே மீண்டும் ஜோடி சேர்ந்துவிடும். பம்பிலும் சாதாரண எண்ணெய் கூடாது. குளோரின் அதைக் கெடுத்துக் களியாக்கிவிடும். புளோரின் ஏற்றிய எண்ணெய்தான் தாங்கும்.

டைகுளோரின் மோனாக்சைடுக்குக் குளோரினை மஞ்சள் மெர்க்குரிக் ஆக்சைடின் மேல் விடுவார்கள். குளோரின் டைஆக்சைடுக்குக் குளோரினைச் சோடியம் குளோரைட்டின் மேல் விடுவார்கள். கவனியுங்கள், குளோரைடு இல்லை, குளோரைட்டு. டைஆக்சைடு காற்றில் 10 சதவீதத்தைத் தாண்டினால் தானே வெடிக்கக்கூடியது. வீட்டிலோ, புகைப்போக்கி இல்லாத கல்லூரி ஆய்வகத்திலோ முயற்சி செய்ய வேண்டாம். இதைப் படித்துவிட்டு யாராவது முயற்சி செய்தால் எனக்குத்தான் பழி.

எண்ணியில் விழும் அயனி நம் மூலக்கூறிலிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரியும்?

முழு வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. குளோரினுக்கு இரண்டு நிலையான ஐசோடோப்புகள்: 35, 37. இயற்கையில் 76-க்கு 24 என்ற விகிதம். ஆகவே குளோரின் மோனாக்சைடு அயனி நிறை 51-இலும் 53-இலும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்று வர வேண்டும். ஒற்றைக் குளோரின் உள்ள டைஆக்சைடும் அப்படியே, 67-இலும் 69-இலும். இரண்டு குளோரின் உள்ளதற்கு 86, 88, 90 ஆகிய மூன்று இடங்களில் ஒன்பது, ஆறு, ஒன்று என்று விழ வேண்டும். 51-க்கும் 53-க்கும் இடையே விகிதம் கோணிக்கொண்டு நின்றால், வேறு ஏதோ அந்த நிறையில் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். வளைகோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த நாளின் தரவை ஓரமாக வைத்துவிட வேண்டும்.

அதைவிடக் கள்ளத்தனமான கலப்படம் ஒன்று இருக்கிறது. பெரிய மூலக்கூறு உடைந்தும் 51 வரலாம். டைகுளோரின் மோனாக்சைடு 12.3 எலக்ட்ரான் வோல்ட்டை எட்டும்போது ஒரு குளோரினை உதறிவிட்டு, குளோரின் மோனாக்சைடு அயனியாக வந்து நிற்கும். ஐசோடோப்பு விகிதம் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் இதுவும் அதே அயனிதான். வழக்கமான நிறைநிறமாலையில் 70 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானால் அடிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு. ஒளியை 11 அளவிலேயே வைத்துக்கொண்டால் பிரச்சினையே இல்லை. அந்த ஆற்றலில் டைகுளோரின் மோனாக்சைடு அயனியாகும், ஆனால் உடையாது. மீந்துபோன ஓசோன், ஆக்சிஜன், குளோரின் அணு, ஹீலியம் எல்லாவற்றுக்கும் 12-க்கு மேல் வேண்டும். குளோரின் வாயுவுக்கே 11.48 வேண்டும். அத்தனையும் வாயை மூடிக்கொண்டிருக்க, 51-இல் நம் மூலக்கூறு மட்டும் பேசும்.

தொடங்கும் இடம் வளைகோட்டில் தெளிவாகத் தெரியுமா?

தெரியாது. புத்தகப் படத்தில் செங்குத்தான படி மாதிரி வரைந்திருப்பார்கள். நிஜத்தில் அடியில் ஒரு வால் நீண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் முதல் எண்ணிக்கையைத் தொடக்கம் என்று எழுதினால் மதிப்பு குறைவாகத்தான் வரும்.

வால் எங்கிருந்து வருகிறது என்றால், அறை வெப்பநிலையில் எல்லா மூலக்கூறும் அடிநிலையில் உட்கார்ந்திருப்பதில்லை. குளோரின் மோனாக்சைடில் ஒற்றை எலக்ட்ரானின் சுழற்சியும் சுற்றியக்கமும் கைகோத்து, நிலையை இரண்டாகப் பிரிக்கின்றன. இடைவெளி ஏறக்குறைய 320 செ.மீ.⁻¹ (நிறமாலைக்காரர்கள் ஆற்றலைச் சொல்லும் அலகு), அதாவது 0.04 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் 0.026. ஒரு வெப்பநிலையில் எந்த நிலையில் எத்தனை மூலக்கூறு இருக்கும் என்று சொல்லும் போல்ட்ஸ்மன் கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஆறில் ஒன்றுக்குச் சற்று அதிகமான மூலக்கூறுகள் மேல் நிலையில் இருக்கும். அவற்றுக்கு 0.04 குறைவாகக் கொடுத்தாலே போதும். இது போக, ஒன்றரை சதவீதம் அளவுக்கு அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறுகளும் உண்டு. அவை இன்னும் முன்னதாக, 0.1 எலக்ட்ரான் வோல்ட் கீழேயே, ஆரம்பித்துவிடும். டைகுளோரின் மோனாக்சைடில் இணைப்பு மடங்கும் அதிர்வு வெறும் 300 செ.மீ.⁻¹ அளவுதான், அங்கே வால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே செய்ய வேண்டியது படியைத் தேடுவது. வளைகோட்டின் முதல் படியில் சரிவு எங்கே மிக அதிகமாக இருக்கிறதோ அதுதான் அடிநிலையிலிருந்து அடிநிலைக்குப் போகும் இடம். வாலைப் போல்ட்ஸ்மன் கணக்கோடு பொருத்திப் பார்த்து, எவ்வளவு வால் வெப்பத்தால் வந்தது என்று கழிக்க வேண்டும். நம் மூலக்கூறில் நல்ல வேளையாக அடுத்த படி ஏறக்குறைய 0.13 எலக்ட்ரான் வோல்ட் தள்ளித்தான் வருகிறது, அயனியின் அதிர்வு 1040 செ.மீ.⁻¹ என்பதால். இரண்டு படிகளும் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் தனித்தனியாகத் தெரிய இடம் இருக்கிறது.

0.01 எலக்ட்ரான் வோல்ட் பிழையெல்லாம் ஒரு பிழையா?

ஏறக்குறைய 1 கிலோஜூல் ஒரு மோலுக்கு. வினைவேகக் கணக்கில் இது போதும், போதாது என்பது கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. ஆனால் 114 நானோமீட்டரில் 0.01 எலக்ட்ரான் வோல்ட் என்பது 0.1 நானோமீட்டர்தான். கீற்றணியின் அளவுகோல் அந்த அளவு நகர்ந்திருந்தாலே கதை முடிந்தது. நன்கு தெரிந்த வாயுக்களின் கோடுகளை வைத்து அளவுகோலைச் சரிபார்க்காமல் மூன்றாவது தசம இடம் எழுதுவதில் அர்த்தமில்லை.

இந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

பெற்றோரும் இதைத்தான் கேட்கிறார்கள், வேறு சொற்களில். நகரத்தார் கணக்கில் ஐந்தொகை எடுப்பது மாதிரி, எந்த வழியில் கூட்டினாலும் ஆற்றல் கணக்கு ஒரே இடத்தில் நேராக வேண்டும். ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் தெரிந்துவிடும்.

குளோரின் மோனாக்சைடின் பிணைப்பை உடைக்க 2.75 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். பிறகு குளோரின் அணுவிலிருந்து எலக்ட்ரானை எடுக்க 12.97. மொத்தம் 15.72 செலவழித்தால் கையில் குளோரின் அயனியும் ஆக்சிஜன் அணுவும் இருக்கும். வேறு வழியில் போவோம். முதலில் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானை எடுக்க 10.89, பிறகு அந்த அயனியை உடைக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் முடிவதால், அயனியை உடைக்க 15.72-இலிருந்து 10.89 போக 4.83 வேண்டும். எலக்ட்ரானைப் பறிகொடுத்த பிறகு பிணைப்பு தளரும் என்றுதான் முதலில் தோன்றும். கணக்கோ அது முக்கால் பங்கு கூடுதல் வலுவாகிவிட்டது என்கிறது! போன எலக்ட்ரான் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலில் இருந்தது, பிணைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்த ஆள் அதுதான். ஆக்சிஜன் மூலக்கூறிலும் இதே கதை, 5.12-இலிருந்து 6.66-க்கு ஏறுகிறது. குளோரின் மோனாக்சைடின் அதிர்வு எண் 854 செ.மீ.⁻¹-இலிருந்து அயனியில் 1040-க்கு ஏறியதும் இதே காரணத்தால்தான். மூலக்கூறு ஆர்பிட்டால் படத்தை மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

டைகுளோரின் மோனாக்சைடு உடையத் தொடங்கும் இடம் என்று மேலே சொன்ன 12.3-ஐயும் இதே முறையில் பயன்படுத்தலாம். அதிலிருந்து 10.89-ஐக் கழித்தால் 1.41 எலக்ட்ரான் வோல்ட், அதாவது மோலுக்கு 136 கிலோஜூல். டைகுளோரின் மோனாக்சைடில் ஒரு குளோரினைக் கழற்ற ஆகும் செலவு அது. நேரடியாக அளக்கச் சிரமமான எண்.

ஓசோன் ஓட்டையோடு இதற்குத் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் சுற்றி வளைத்து. குளோரோபுளோரோகார்பன்களிலிருந்து வரும் குளோரின் அணு ஓசோனைத் தின்று குளோரின் மோனாக்சைடாகும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1974-இல் எழுதினார்கள். அண்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் சரிவது 1985-இல் தெரிய வந்தது. 1987 செப்டம்பரில் சிலியின் புண்டா அரீனாஸிலிருந்து பறந்த நாசாவின் ஈஆர்-2 விமானம், குளோரின் மோனாக்சைடு ஏறும் இடத்தில் ஓசோன் இறங்குவதைப் பதிவு செய்தது. எந்த வினை வெப்பத்தை விடும், எது விடாது என்று முடிவு செய்ய இந்தச் சேர்மங்களின் உருவாதல் வெப்பம், அதாவது தனிமங்களிலிருந்து அவை உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம், வேண்டும். அயனியாக்கும் ஆற்றல் நுழைவது அங்கேதான்.

வானத்தில் இருப்பதை அயனியாக்கித்தான் அளந்தார்களா என்றும் கேட்கிறார்கள். இல்லை. அந்த விமானத்தில் நைட்ரிக் ஆக்சைடைச் சேர்த்துக் குளோரின் மோனாக்சைடைக் குளோரின் அணுவாக மாற்றி, அணு ஒளிர்வதைப் பார்த்தார்கள்.

கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பிளீச்சிங் பவுடர் போட்டால் வரும் வாசனை இந்த வாயுக்கள்தானா?

இல்லை. அது பெரும்பாலும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் குளோரினும், தண்ணீரில் உள்ள அமோனியா வகைகளோடு சேர்ந்த குளோரமின்களும். குளோரின் டைஆக்சைடு தண்ணீரைச் சுத்தம் செய்யவும் விற்கப்படுகிறது, ஆனால் அது தனிச் சரக்கு.

காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறதே, அங்கே இதை அளக்கலாமா?

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. குளோரினோடு அதற்கு நீண்ட உறவு உண்டு. உப்புநீரை மின்னாற்பகுத்துக் குளோரின் எடுக்கும் தொழிலுக்கான டைட்டானிய நேர்மின்முனைகளில் அங்கே நிறைய வேலை நடந்திருக்கிறது. ஆனால் அது கரைசலில் எலக்ட்ரானைப் பரிமாறும் வேதியியல். கரைசலில் அளக்கும் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தமும் வாயுவில் அளக்கும் அயனியாக்கும் ஆற்றலும் உறவுக்காரர்கள்தாம், ஆனால் ஒரே ஆள் இல்லை. நடுவில் நீர் மூலக்கூறுகள் அயனியைச் சூழ்ந்து தரும் ஆற்றல் பல எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. ஆக, ஊரில் இருப்பதைப் பார்த்து இதையும் அங்கேயே செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். வெற்றிடப் புறஊதாவுக்கு ரயில் ஏறத்தான் வேண்டும்.

கணினியில் கணக்கிட்டால் போதாதா?

இப்போது நல்ல முறைகளில் கணக்கிட்டால் 0.02, 0.03 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் வந்துவிடலாம், சின்ன மூலக்கூறு என்பதால். எளிய முறைகளில் எலக்ட்ரான் வோல்ட்டில் பத்தில் சில பங்கு வரை தவறும். குளோரின் மோனாக்சைடில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று, அயனியில் இரண்டு. இதைச் சரியாகச் சொல்லாமல் கணக்கைத் தொடங்கினால் கணினி முகம் சுளிக்காமல் தப்பான நிலைக்கு விடை தரும்.

எம்.எஸ்ஸி. புராஜெக்ட்டாக எடுக்கலாமா?

அளவீட்டை எடுக்காதீர்கள், வளைகோட்டை எடுங்கள். குளோரின் மோனாக்சைடுக்கும் அதன் அயனிக்கும் பிணைப்பு நீளத்தையும் அதிர்வெண்ணையும் கணக்கிட்டு, பிராங்க்-காண்டன் காரணிகளை (ஒவ்வொரு அதிர்வு நிலைக்கும் அயனி போய்ச் சேரும் வாய்ப்பைச் சொல்லும் எண்கள்) எடுத்து, அறை வெப்பநிலையில் ஒளி அயனியாக்க வளைகோடு எப்படி இருக்கும் என்று வரையுங்கள். சாதாரண மடிக்கணினி தாங்கும். பிறகு வெப்பநிலையை 298 கெல்வினிலிருந்து 150-க்கு இறக்குங்கள். ஆறில் ஒன்றாக இருந்த மேல்நிலைக் கூட்டம் 4 சதவீதம் சொச்சத்துக்கு வந்துவிடும், வால் சுருங்கும், படி எழுந்து நிற்கும். இரண்டு வளைகோடுகளையும் ஒரே தாளில் போட்டு, வெறும் கண்ணால் தொடக்கத்தைக் குறிக்கச் சொல்லி வகுப்பில் நாலு பேரிடம் கொடுங்கள். அவர்கள் சொல்லும் எண்கள் எவ்வளவு தள்ளித் தள்ளி வருகின்றன என்பதே புராஜெக்ட்டின் கடைசி அத்தியாயத்துக்குப் போதும்.